ஜெடஸ் வீட்டுக் கழிப்பறைத் தாழ்ப்பாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உருளைக்கிழங்கு தோண்டி முடித்துவிட்டீர்களா? இங்கே அபர்டீனில் ஓயாத மழை. ஊழியத்துக்காக வீடு வீடாகக் கதவு தட்டித் தட்டி என் விரல் முட்டி காய்த்துவிட்டது. கவலைப்படாதீர்கள், பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை.

வியாழனன்று ஜெடஸ் என்ற கிழவர் திறந்து, என்னையும் என் ஜோடி ஊழியர் எல்டர் ஸ்டாடர்ட்டையும் உள்ளே அழைத்தார். நம் சபை விதிப்படி டீயும் காபியும் வேண்டாம் என்றோம். "டீயும் வேணாம், காபியும் வேணாம்னா என்னத்ததான்டா குடிப்பீங்க?"

"வெந்நீர் போதும் ஐயா."

சிரித்துச் சிரித்து நாலு கோப்பை ஊற்றிக் கொடுத்தார். அதனால் கழிப்பறைக்குப் போனேன். தாழ்ப்பாள் இறுகிக்கொண்டது.

ஊழியத்துக்கு வந்து பதினொரு மாதம். ஜோடி ஊழியரின் கண்ணை விட்டு நகரக் கூடாது என்ற விதி உங்களுக்குத் தெரியும். பாவம் எல்டர் ஸ்டாடர்ட், குரலாவது என்னோடு இருக்கட்டும் என்று கதவுக்கு வெளியே நின்று துதிப்பாட்டுப் பாடினார்.

"உன் பாட்டுக்குப் பயந்துதான்டா அவன் வெளிய வர மாட்டேங்கிறான்!" என்றார் கிழவர்.

முக்கால் மணி நேரம் ஆனது. கிழவர் கோடரி எடுக்கப் போனதும் கதவு திறந்துகொண்டது.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். உறையின் மேல் எல்டர் என்ற ஊழியப் பட்டத்தைப் போடாமல் டேரல் என்றே எழுதுங்கள். இங்கே அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

எல்டர் ஸ்டாடர்ட் எதிரே உட்கார்ந்து தன் அம்மாவுக்கு எழுதி முடித்துவிட்டார். துணி துவைக்கப் போக வேண்டும். நான் எழுந்தால்தான் அவரும் எழ முடியும்.

அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தத் தாழ்ப்பாள் இறுகவே இல்லை அம்மா.

உங்கள் மகன்,
டேரல்