மஞ்சள் டிரம்முக்கு எர்த் கம்பி

ஜூலை 28, திங்கள்

இன்றும் அதே தகராறு. பசிலியா அக்கா தண்ணீர் மோட்டாருக்குப் பெட்ரோல் வாங்க லாரியில் வந்தார். கையில் சமையல் எண்ணெய் வந்த மஞ்சள் பிளாஸ்டிக் டிரம். ஊற்ற மாட்டேன் என்றேன். இந்த ஒருரோ மலையூரின் ஜூலைக் குளிரில், காய்ந்த காற்றில், கம்பளிச் சட்டையைக் கழற்றினாலே சடசடக்கிறது. ஒரு பொறி போதும், எல்லோரும் கரி.

பங்க்கை நடத்தும் தோன் எவரிஸ்தோ வெளியே வந்தார். "எர்த் கம்பியை டிரம் கைப்பிடியில மாட்டிட்டு ஊத்து எலோதியா. எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க."

"கம்பி இரும்புக்குத்தான் சார். பிளாஸ்டிக்ல மாட்டுறதும் ஒண்ணு, மாட்டாததும் ஒண்ணு."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். அப்புறமும் இதே பேச்சுன்னா வேற வேலை பாத்துக்க."

பார்க்கலாம். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

ஜூலை 30

வீட்டில் பழைய எண்ணெய் டிரம்மைப் போர்வையால் தேய்த்தேன். கை முடி சிலிர்த்தது. ஒரு விரலால் தொட்டேன் — அந்த இடம் மட்டும் அடங்கியது, மற்றதெல்லாம் அப்படியே. இரும்பில் மின்னூட்டம் ஓடித் திரியும். ஒரு வழி காட்டினால் மொத்தமும் வெளியேறிவிடும். பிளாஸ்டிக்கில் உட்கார்ந்த இடத்தை விட்டு நகராது. எங்கள் தோன் எவரிஸ்தோ மாதிரி.

ஜூலை 31

வேலை போனா வாடகை? — போகட்டும். எரிஞ்சு சாகறதுக்கா சம்பளம்?

ஆகஸ்ட் 1, வெள்ளி

மாதத்தின் முதல் வெள்ளி. பூமித்தாய் பச்சமாமாவுக்குத் தரையில் பீர் ஊற்றி, பம்புகளுக்கு வண்ணக் காகிதத் துணுக்குகள் தூவினோம். தூபம் மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கம். பசிலியா அக்கா புது டிரம்மோடு வந்து ஆபீஸ் சுவரோரம் இறக்கினார். இன்னும் பெட்ரோல் படாதது. வழியெல்லாம் கம்பளி மூட்டையில் உரசிக்கொண்டே வந்தது. தோன் எவரிஸ்தோ அதற்கும் ஒரு பிடி தூவினார். அத்தனையும் ஒட்டிக்கொண்டது. பக்கத்து இரும்பு டின்னில் ஒன்றும் நிற்கவில்லை.

"என் டிரம்மைப் பாருங்க, கல்யாணப் பொண்ணு கணக்கா நிக்குது," என்றார் அக்கா.

எர்த் கம்பியைத் தோன் எவரிஸ்தோவின் கையில் கொடுத்தேன். "நீங்களே மாட்டுங்க சார். எல்லாம் உதிர்ந்துட்டா நான் ஊத்துறேன்."

மாட்டினார். கம்பி பட்ட இடத்தில் நாலைந்து துணுக்குகள் விழுந்தன. மற்றவை அசையவில்லை. இங்கே அங்கே என்று மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தார். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. குதிக்கவில்லை.

கம்பியைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு அவர் ஆபீஸுக்குள் போனார். வேலை இருக்கா இல்லையா, திங்கள்தான் தெரியும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

தோன் எவரிஸ்தோவின் மைத்துனர் மஞ்சள் டிரம்மோடு வந்தார். கம்பியை அவரே எடுத்து மாட்டப் போனார்.

"அது தொட்ட எடத்துல மட்டும்தான்யா வேலை செய்யும். போய் இரும்பு டின் கொண்டா," என்றார் தோன் எவரிஸ்தோ.

"யாரு சொன்னா?"

அவர் என் பக்கம் கையைக் காட்டினார். "அவகிட்டயே கேட்டுக்க. மெதுவா கேளு, அவ இங்கதான் இருப்பா."