சட்டென்று உறைந்த தண்ணீர்

கண்ணு,

இன்று காலை கடையில் ஐஸ்பெட்டியின் மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை முகத்தில் அடித்தது. கூடவே ஏலக்காய் வாசனை. நீ இருந்திருந்தால் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றிருப்பாய். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எல்லாம் நான் அன்றைக்கே சொன்னபடிதான் நடந்திருக்கிறது. மயிலாப்பூர் குளத்தங்கரையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். எட்டாவதோடு நின்றவன்தான் உன் மாமன். ஆனால் விஞ்ஞானம் அவன் சொன்ன வழியில்தான் போயிருக்கிறது.

அடையாற்றுப் பக்கம் உன் ஆய்வுக்கூடம். மாலையில் மொபெட்டை மிதித்து மிதித்துக் கிளப்பிக்கொண்டு நேராகக் கடைக்கு வருவாய். ஏதோ ஒரு கிருமி, அதன் மேலுறை ஒரு புரதம், அந்தப் புரதத்தின் உருவத்தைப் பார்த்தே ஆகவேண்டும் உனக்கு. பார்ப்பதற்கு அது கற்கண்டு மாதிரி படிகம் கட்ட வேண்டுமாம். வருடக்கணக்காக அது கட்டவே இல்லை. உன் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சகிக்காது.

அப்படி ஒருநாள் கல்லாப் பக்கத்தில் நீ கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் நான் சொன்னேன்: "படிகம் வரலன்னா வுட்டுத் தள்ளு கண்ணு. தண்ணியோட சேத்து சட்டுனு ஒறய வெச்சிடு. எல்லாம் கண்ணாடி மாதிரி நிக்கும், அப்பால போட்டோ புடி." ஐஸ்கிரீம் அள்ளிய உன் கரண்டி பாதியில் நின்றது. இதை வாடிக்கையாளர்களிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அமெரிக்காக்காரர் ஒருவர் காரை நிறுத்தி இரண்டு கப் பாதாம் சாப்பிட்டுவிட்டு என் கையைக் குலுக்கினார் என்றும் சேர்த்துக்கொள்வேன்.

அப்படி உறைய வைத்து நுண்ணோக்கியில் எடுக்கும் ஒரு படத்தைப் பார்த்தால் வெறும் பனிமூட்டம்தான் என்பாய். அறுபத்துமூவர் திருவிழாக் கூட்டத்தில் எடுத்த போட்டோ மாதிரி ஒவ்வொரு புரதமும் ஒவ்வொரு பக்கம் திரும்பி நிற்கும். ஆயிரக்கணக்கான படங்களைக் கணினியில் ஒன்றோடொன்று சேர்த்தால் மெல்ல முகம் தெளியும். உங்கள் ஆய்வுக்கூடத்துப் பெரியவர் ஒருவர், கடைசியில் தெரியப்போவது மொழுக்கென்று ஒரு கொழுக்கட்டைதான் என்று சிரித்தாராம். "சிரிக்கட்டும் மாமா. ஒருநாள் உள்ள இருக்கிற சுருள்கூடத் தெரியும்" என்றாய். அந்தக் கருவி இருக்கும் வெளிநாட்டுக் கூடத்திலிருந்து உனக்கு அழைப்பும் வந்தது. தி.நகரில் உனக்குப் பெட்டி வாங்கும்போது, எங்க வீட்டுப் பொண்ணு விஞ்ஞானம் சொல்லிக்குடுக்கப் போவுது என்று கடைக்காரரிடம் அளந்தேன். படிக்கத்தான் போறேன் என்று என் முழங்கையைக் கிள்ளினாய்.

அந்த ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தவள்தான், எழுந்திருக்கவில்லை. பெட்டி இன்னும் அக்கா வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. விலைச்சீட்டைக்கூட யாரும் கிழிக்கவில்லை.

நேற்று உன் கூடத்துத் தோழி கடைக்கு வந்தாள். மொபெட்டில் உன் பின்னால் உட்கார்ந்து வருவாளே, அவள்தான். பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கல்லா மேசைக் கண்ணாடிமேல் வைத்தாள். வேறொரு கிருமியின் மேலுறையாம். உறைய வைத்து எடுத்த படங்களைச் சேர்த்தே வெளிநாட்டில் கண்டுபிடித்திருக்கிறார்கள். படிகம் இல்லாமல். விரலால் காட்டினாள்: குட்டிக் குட்டிக் குச்சிகளாக, சுருள்கள். "அவ சொன்னது நடந்துடுச்சு அங்கிள்" என்றாள்.

அழுதிருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்குமா? "இத்த நான்தாம்மா மொதல்ல சொன்னேன்" என்று ஆரம்பித்துவிட்டேன். கரண்டி பாதியில் நின்றது வரை சொன்னேன். அமெரிக்காக்காரரைக்கூட விடவில்லை.

அவள் சிரிக்கவில்லை. "தெரியும் அங்கிள். அவளும் அப்படித்தான் சொல்லுவா. மயிலாப்பூர்ல எங்க மாமா ஐஸ்கிரீம் கடை வெச்சிருக்கார், ஐடியா அவரோடதுன்னு கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கா."

அவளுக்கு ஒரு கப் எடுத்துக்கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பால் காய்ச்சுவதுபோல் நின்றேன். அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

கண்ணு, உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். என் ஐஸ்கிரீம் அப்போதெல்லாம் வாயில் மணல் மாதிரி தட்டும். கும்பல் எல்லாம் புதிதாக வந்த பெரிய கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வாய் எடுத்ததும் உன் கரண்டி பாதியில் நின்றது, அது மட்டும் நிஜம். நீதான் பேசினாய்.

"மாமா, உனக்கும் எனக்கும் ஒரே வியாதி. எனக்கு வேணுங்கிற படிகம் வரமாட்டேங்குது, உனக்கு வேண்டாத படிகம் வருது. மெதுவா உறைஞ்சா தண்ணி படிகம் கட்டிடும். சின்ன டப்பால ஊத்து, டப்பாவச் சுத்தி இருக்கிற ஐஸ்ல கல்லுப்பை அள்ளிப் போடு, சட்டுனு உறைய வை. கட்டுறதுக்கு அதுக்கு நேரமே குடுக்காத."

அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன். நேற்று உன் தோழி கப்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இவ்வளவு வழவழப்பு எப்படி வருது என்று கேட்டாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மற்றதெல்லாம் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொன்னதுதான். நான்தான் முதலில் சொன்னேன் என்ற அந்த ஒன்று மட்டும் முழுப் பொய். சொன்னது நான் இல்லை, நீ.