தொட்டியில் தண்ணீர் இருந்ததா

அன்பு மகன் டேரலுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீ நலமா என்று கேட்கக் கை வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

இங்கே மழையே இல்லை, சோளம் நின்றபடி காய்கிறது. உன்னைக் கல்லூரி ஃபுட்பால் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியபோது பெட்ரோல் பங்கில் ஒட்டிய உன் படத்தைக் கிழித்துவிட்டார்கள். சர்ச்சில் எல்லோரும் வானிலையைப் பற்றி மட்டுமே எங்களிடம் பேசுகிறார்கள்.

ஞாயிறன்று டேவியனின் அம்மா போன் செய்தாள். பயிற்சியில் தலைக்கவசம், தோள்கவசத்தோடு வெயிலில் ஓடவிட்டாயே, விழுந்து செத்தானே உன் அணிப் பையன், அவன் அம்மாதான். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "உங்க மகன் போனே எடுக்க மாட்டேங்கிறாருங்க. எம்புள்ள கடைசியா என்ன சொன்னான்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க" என்றாள். உன் அம்மா போனை வாங்கிக்கொண்டாள், இரண்டு பேரும் அழுதார்கள். நீ வாய் திறக்கக் கூடாது என்று உன் வக்கீல் சொன்னாராம். அது அவர் பிழைப்பு, உனக்கு என்ன வந்தது?

பள்ளி அணியில் ஆடும்போது நீயும் இப்படித்தான் வெயில் தாக்கிச் சுருண்டு விழுந்தாய். பயிற்சியாளர் ஹோலப் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான், ஆனால் அன்று உன்னைத் தூக்கி ஐஸ் கொட்டிய மாட்டுத் தொட்டியில் கழுத்துவரை அமுக்கி, "டேய், மயங்கிடாதடா, என்னைத் திட்டுடா, நிறுத்தாம திட்டு" என்று உன் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். நீ திட்டினாய், பிழைத்தாய், கல்லூரியில் பெரிய ஆட்டக்காரனும் ஆனாய். அது நம் வீட்டுத் தொட்டி, ஆகஸ்டில் பயிற்சி தொடங்கினால் நான்தான் பள்ளி மைதானத்தில் கொண்டுபோய் வைப்பேன். உன் மைதானத்துக்கும் ஒன்று ஏற்றிவரட்டுமா என்றதற்கு, "அப்பா, இது காலேஜ்ப்பா, எல்லாம் இருக்கு" என்று சிரித்தாய்.

உன் அம்மா சாப்பிட உட்காரும்போதெல்லாம், "அங்க தொட்டியில தண்ணி இருந்துச்சாமா?" என்று கேட்கிறாள். தெரியாது என்கிறேன். எனக்குத் தெரியும் டேரல். இருந்திருந்தால் அன்று சாயங்காலமே போன் செய்து சொல்லியிருப்பாய்.

எங்களிடம் சொல்ல வேண்டாம். டேவியன் அம்மாவின் வீட்டுக்குப் போ, அவளிடம் சொல். வேலை போனால் போகட்டும், உன் அறை அப்படியேதான் இருக்கிறது. கடவுள் உனக்கு அந்தத் தைரியத்தைக் கொடுக்கட்டும். போகும்போது மறக்காமல் அந்த அணித் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போ.

உன் அப்பா,
லோயல் குசேரா