வரிசையும் கலரும்

ஆடி 3, காலை. காற்று முள்: எட்டு.

கொண்டைக்கடலை ஊறப் போட்டேன். காற்று வடிகட்டி மாற்றினேன். கீரைப் பாத்தியில் பூச்சி இல்லை.

செவ்வாய்க்கு அப்பால் சுற்றும் சுரங்கப் பாறை இது. நான் சிட்டம்மாள், சமையலும் பாத்தியும் என் பொறுப்பு. அந்தக் கோடி அறையில் துளை எந்திரம் ஓட்டுபவன் தவசிமுத்து, தூத்துக்குடிக்காரன். மற்றவர்கள் போன கப்பலில் ஊருக்குப் போய்விட்டார்கள். அடுத்த கப்பல் ஆடி இருபதுக்குத்தான்.

பகல் ஓய்வில் சீட்டாட்டம், அவரவர் அறையிலிருந்தே; பேச்சுக் குமிழை அழுத்தினால் மற்றவருக்குக் கேட்கும். சீட்டைத் திரையில் கருவி போடும். ஆளுக்கு ஐந்து. ஒன்று கவிழ்ந்திருக்கும், உரியவர் மட்டும் பார்க்கலாம். நாலு இருவருக்கும் தெரியும். ஜெயித்தது யார் என்று கருவி சொல்லாது, நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பந்தயம் என் பாத்தி மொச்சை.

மேலாளர் கற்றுக்கொடுத்துவிட்டுப் போன ஆட்டம். நம் ஊர் மூணு சீட்டில் ஆறு, ஏழு, எட்டு என்று வரிசையாக வந்தால் பெரிசு, எல்லாம் ஆட்டின் என்பதுபோல ஒரே கலர் அதற்குக் கீழே. இதில் தலைகீழ்: கலர்தான் பெரிசு. தவசி அதை மறந்து மறந்து மொச்சையை விடுகிறான். இன்றும் விட்டான்.

"ஆச்சி, ஒங்களுக்குச் சீட்டு வருதா, இல்ல எனக்குத் தெரியாமக் கருவிக்குக் கஞ்சி ஊத்துதியளா?"

"ஒனக்கு மண்டை இல்லாதப்ப நான் ஏன்ல ஊத்தணும்?"

ஆடி 5, பகல். முள்: ஐந்து.

கல் விழுந்து இரு அறைகளுக்கும் நடுவிலிருந்த நடைக்குழாய் கிழிந்தது. கதவுகள் தாமே மூடிக்கொண்டன. தவசிக்கு அடியில்லை. எனக்கும் இல்லை.

இரண்டு அறைக்கும் ஒரே காற்றுத் தொட்டி. நிறைய வெளியே போய்விட்டது. அறைக்கு ஒரு வால்வு; மூடினால் அந்த அறைக்குக் காற்று வராது. அவன் வால்வை நான் தொட முடியாது, என் வால்வை அவன் தொட முடியாது. தலைமை நிலையத்துக்குச் செய்தி அனுப்பினேன்.

ஆடி 6, காலை. முள்: நாலரை.

தலைமை நிலையத்தின் பதில்: "இருப்புக் காற்று கப்பல் வரும்வரை ஒருவருக்கு மட்டுமே போதுமானது. வயது, உடல்நிலை முதலியவற்றைக் கருத்தில் கொண்டு இருவரும் கலந்து முடிவெடுக்கவும்."

வயதாம்.

"ஆச்சி, அவுக சொன்னத மனசுல வைக்காதிய."

"நான் வைக்கல. நீ வச்சிருக்கியால?"



"எனக்கு முப்பத்திரண்டுதான் ஆச்சி ஆவுது."

"எனக்கு அறுபத்திமூணு. நூறு வரைக்கும் இருக்கப் போறவ நான்."

கிழவி விட்டுக்கொடுப்பாள் என்று எல்லோருக்கும் எண்ணம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் இந்தப் பாறை வரைக்கும் வந்தேன். யாரோ எழுதிய இரண்டு வரிக்காக மூச்சை நிறுத்த மாட்டேன். பேத்தி மதிவதனி விமானம் ஓட்டப் படிக்கிறாள். அவள் ஓட்டும் முதல் விமானத்தில் சன்னலோரம் எனக்கு. அப்படித்தான் பேச்சு.

சீட்டு என்று சொன்னது தவசிதான். ஆளுக்குச் சமமாக மொச்சை. யாருடையது தீர்கிறதோ அவர் தம் வால்வை மூடவேண்டும். நான் சம்மதித்தேன். வேறு எப்படிச் செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

ஆடி 7, காலை. முள்: நாலு.

இந்தக் கை இன்னும் முடியவில்லை. முடிக்குமுன் எழுதிவிடுகிறேன்.

மொச்சை இருவரிடமும் ஏறக்குறையச் சமம். அவன் திரையில் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. கலர் கலந்து கிடக்கிறது. என் திரையில் நாலும் ஆட்டின். கவிழ்ந்ததும் ஆட்டின். ஐந்தும் ஒரே கலர்.

தவசி கையிலிருந்த மொத்தத்தையும் வைத்துவிட்டான்.

என் நாலு ஆட்டினும் அவன் கண் முன்னால் இருக்கிறது. இருந்தும் வைக்கிறான். வரிசை சேர்ந்துவிட்டது, அதுதான் பெரிசு என்று நினைக்கிறான். மறுபடி மறந்துவிட்டான். அவன் கவிழ்த்த சீட்டு எதுவாக இருந்தாலும் எனக்குத்தான் ஜெயம். சீட்டைத் திருப்பச் சொல்லி ஷோ கேட்டால் இதோடு முடிந்தது. கையை விட்டுவிட்டுப் பேக் ஆனால் கொஞ்சம் மொச்சை போகும், ஆட்டம் நீளும், முள் இறங்கும்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். வைத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வான். அடுத்த கையில் என்னைத் தீர்த்தாலும் தீர்ப்பான்.

"ஏல, நல்லா யோசிச்சுத்தான் போட்டியா?"

"யோசிக்கது ஒங்க வேல ஆச்சி. ஷோ கேக்கியளா, பேக் ஆவுதியளா?"

நோட்டை ஓரமாக வைத்தேன்.

பேச்சுக் குமிழை அழுத்தினேன். சொல்லத்தான் அழுத்தினேன். வாயில் வந்தது "ஷோ."

அதே காலை.

அவன் கவிழ்த்தது பத்து. வரிசை சேர்ந்துதான் இருந்தது.

ஜெயித்தோம் என்று கத்தினான். அப்புறம் அழுதான். "ஆச்சி, மன்னிச்சிருங்க ஆச்சி. ஒங்க பேத்திய நான் நேர்ல போய்ப் பாக்கேன். என்ன சொல்லணுமோ சொல்லுங்க, அப்படியே சொல்லுதேன்."

அழுது முடிக்கட்டும் என்று இருந்தேன்.

"தவசி, இதுல கலர்தாம்ல பெரிசு."

என் ஆட்டின் ஐந்தையும் அவன் வாய்விட்டு எண்ணுவது கேட்டது.

"நான் வைக்கும்போதே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வைக்க விட்டியளா, ஆச்சி?"

குமிழிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

ஆடி 7, பகல். முள்: நாலு.

முள் இறங்குவது பாதியாகக் குறைந்துவிட்டது. கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் காட்டுகிறது. மூடிவிட்டான்.

கூப்பிட்டேன். திறடா, இன்னொரு கை போடுவோம், இது கணக்கில்லை என்றேன். திறக்கவில்லை. அவன் அறையில் மிச்சமிருக்கும் காற்று எத்தனை நாழிகைக்கு வரும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

திரை எரிகிறது. சீட்டு போட்டிருக்கிறான்.

ஆடி 7.

ஆடுகிறோம். பந்தயம் இல்லை. அவன் பேசுவதில்லை, பொத்தான் மட்டும் அழுத்துகிறான். முதல் கை அவனுக்கு. அடுத்ததும் அவனுக்கு. நான் விட்டுக்கொடுக்கவில்லை, சீட்டு அப்படி.

இப்போது பேசினான். மெதுவாக.

"ஆச்சி. கலர்தான பெரிசு?"

"ஆமாய்யா."

"இப்ப மறக்க மாட்டேன்."

மூன்றாவது கை. அவனுக்கு நாலும் கிளாவர். ஐந்தாவது கவிழ்ந்திருக்கிறது. என்னிடம் ஒன்றுமில்லை. ஆனாலும் பேக் ஆகவில்லை. ஷோ கேட்டேன். அவன் அதைத் திருப்பட்டும், ஜெயிக்கட்டும், கத்தட்டும்.

அவன் முறை.

நேற்றுப் போட்ட கடலை ஊறிக் கிடக்கிறது. வடிகட்டி மாற்றவேண்டும்.

அவன் முறைதான். நான் அவசரப்படுத்தவில்லை

முள் நாலு

அவன் முறை