ஈர்க்குப் பீரங்கிகள்

இன்று புளியந்தீவில் ஒரு கடையில் பிளாஸ்டிக் ஒட்டும் பசையைத் திறந்து காட்டினார்கள். அந்த மணத்தோடு எனக்குப் பயம்தான் வந்தது, அண்ணன். நீங்கள் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தீர்கள்.

சுனாமியில் கல்லடியில் இருந்த நம் வீடு போனபோது, நீங்கள் இரண்டு வருடமாக ஒட்டிய நாசகாரிக் கப்பலும் போனது. முழங்கை நீளப் போர்க்கப்பல் பொம்மை. அதன் உடல் மட்டும் சேற்றில் கிடைத்தது, பீரங்கிகள் இல்லை. வீட்டுக்குக் கதவு போடாத நாட்களிலும் அந்த வகைக் கப்பல்களின் கதைதான் உங்களுக்கு. பழசானதும் வேறு நாடுகளுக்குக் கொடுத்தார்களாம், உதிரிப்பாகம் கிடைக்காமல் ஒன்றைக் கழற்றித்தான் மற்றதை ஓட்டினார்களாம். "ஓடினதா, கட்டி இழுத்தாங்களா?" என்று நான் கேட்பேன்.

வடக்கில் சண்டை இறுகிக்கொண்டிருந்த நேரம், லண்டனிலிருந்து உங்கள் பள்ளித் தோழர் அந்தக் கப்பலுக்கான பிளாஸ்டிக் பீரங்கிப் பொதியோடு கொழும்புக்கு வந்தார். வாங்கி வரும் வேலை எனக்கு.

"பேக்குக்க ஒளிக்காத புள்ள. மேலயே வை. கேட்டா விளையாட்டுச் சாமான் எண்டு சொல்லு" என்றீர்கள் தொலைபேசியில்.

"அட்டையில பீரங்கிப் படம் கிடக்கு. விளங்கப்படுத்த நீங்களா வாறீங்க?"

"வந்தா என்னையும் சேத்துத்தான் ஜீப்புல ஏத்துவாங்க."

நீங்கள் சிரித்தீர்கள். பொலன்னறுவையில் பஸ் தேநீருக்கு நின்றபோது, கடையின் கழிப்பறைக் குழிக்குள் பொதியைப் போட்டேன். அடுத்த சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். சீருடைப் பெண் என் சாப்பாட்டுப் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னாள். பையைத் திறக்கவே இல்லை.

"அவர் கொண்டுவர மறந்திட்டாராம்" என்றேன் உங்களிடம்.

"அவன் அப்பிடித்தான்" என்றீர்கள். அடுத்த வாரம் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு உருவி, நறுக்கி, சாம்பல் நிறம் பூசிப் பீரங்கிகள் செய்தீர்கள்.

சண்டை முடியட்டும், சொல்லலாம் என்றிருந்தேன். முடிந்தது. அடுத்த மாதமே உங்கள் இதயம் நின்றது.

முப்பத்தோராம் நாள் சடங்குக்குத் தோழர் வந்தார். அலுமாரிமேல் நின்ற கப்பலைக் குனிந்து பார்த்தார்.

"என்ன தங்கச்சி, ஈர்க்கா இது? நான் குடுத்தது அச்சொட்டாப் பொருந்தினது, நன்றி எண்டெல்லாம் அவன் எனக்கு எழுதினவனே."

நான் சொன்னது பொய் என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது? என் முகத்தைப் பார்த்த அன்றேயா? ஏன் கேட்கவில்லை? என் பயத்தைக் கண்டு இரங்கினீர்கள் என்றால், அந்த இரக்கத்தை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

"ஓம், பொருந்தினதுதான். மறுகா உப்புக்காத்துக்கு உடைஞ்சு போச்சு" என்றேன் அவரிடம். நீங்கள் எனக்காகச் சொன்ன பொய் உடையாமலிருக்க நான் சொன்னது. அவர் நம்பிவிட்டார். வருடத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் கேட்கிறார், வேறு அனுப்பட்டுமா என்று. வேண்டாம் என்று சொல்லும்போதெல்லாம் என் குரலை நானே உற்றுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.