தாடி மாற்றிய மடிக்கணினி

மார்ச் 3, செவ்வாய்

மனைவியின் மடிக்கணினியில் விண்டோஸ் போய் லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம் வந்துவிட்டது. பைகள் தைக்கும் கம்பெனிக்கு அளவுப் படம் வரைகிறவள் அவள். கணினி பழசு, கோடு இழுத்தால் நின்று நின்று போகிறது என்று ஒரு மாதமாகச் சொன்னாள். "பார்க்கிறேன்" என்று நானும் ஒரு மாதமாகச் சொன்னேன். அவளோடு வேலை பார்க்கும் தாடிக்காரன் ஒருவன், எனக்கு அவன் வெறும் தாடிதான், இன்று சாப்பாட்டு நேரத்திலேயே மாற்றிக் கொடுத்துவிட்டானாம்.

"எவ்வளவு வேகம் பாருங்க."

பார்த்தேன். வேகம்தான்.

மார்ச் 5

முன்பெல்லாம் நான் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்: "ஏங்க, கொஞ்சம் வாங்களேன், இது நின்னுடுச்சு." சலித்துக்கொண்டேதான் போவேன். இன்று செருப்பைக் கழற்றிவிட்டு வீணாக நின்றேன்.

மார்ச் 8

பிரிண்டர் மக்கர். உள்ளூர ஒரே சந்தோஷம். சட்டைக் கையை மடித்துக்கொண்டு போவதற்குள் தாடிக்கு போன் போய்விட்டது.

"அவரு சொன்ன மாதிரி பண்ணேன், வந்துடுச்சு."

மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டேன். அவராம், அவரு. அவனுக்கு முப்பது வயசு இருக்குமா?

மார்ச் 9

சந்தேகமா எனக்கு? சீச்சீ. அவள் யாரிடம் சிரித்தால் என்ன. என்னிடம் கேட்க வேண்டியதை அவனிடம் கேட்கிறாள், அதுதான் பொறுக்கவில்லை.

மார்ச் 14, சனி

அவள் வெளியே போன நேரம் பார்த்து என் கணினியிலும் லினக்ஸ் போட உட்கார்ந்தேன். தாடியால் முடிந்தது என்னால் முடியாதா? டிஸ்க்கில் உள்ளதை அழித்துவிட்டு நிறுவவா என்று கேட்டது. பழைய விண்டோஸைத்தானே சொல்கிறது என்று 'சரி' கொடுத்தேன்.

எல்லாம் போச்சு. அவ இத்தனை வருஷம் வரைஞ்ச படமெல்லாம் இதுலதான் இருந்துச்சு. 'என்கிட்ட பத்திரமா இருக்கும்'னு நான்தானே வாங்கி வெச்சேன்? என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்லுவேன்?

மார்ச் 15

சொல்லிவிட்டேன். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எல்லாம் இன்னொரு டிஸ்க்ல இருக்குங்க. என் லேப்டாப்ப மாத்துறதுக்கு முன்னாடி வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருக்கறதையும் ஒரு காப்பி எடுத்துடுங்கன்னு அவருதான் சொன்னாரு."

போன மானத்தை மீட்டுக் கொடுத்ததும் தாடிதான். வயிறு எரிகிறது. ஆனால் நன்றி சொல்லாமல் இருப்பது நியாயமில்லை.

மார்ச் 16

நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் போன் போட்டேன்.

"நானும் முதல் தடவை அதேதான் சார் பண்ணேன். எங்க அக்கா கல்யாண போட்டோ மொத்தமும் போச்சு. அக்கா இன்னும் முகம் கொடுத்துப் பேசறதில்ல."

சிரித்துவிட்டேன். பாவி, நல்ல மனிதனாக வேறு இருக்கிறான்.

மார்ச் 21

என் கணினி உயிரோடு வந்துவிட்டது. தாடி போனில் சொல்லச் சொல்ல நானே செய்தேன்.

மார்ச் 28, சனி

தாடியோடு பேசி முடித்துத் திரும்பினால் அறை வாசலில் மனைவி. பிரிண்டரை வேகமாக ஓட்ட அவருக்கு ஒரு புது வழி தெரிந்திருக்கிறது, அதைப் பற்றிப் பேசியதில் நேரம் போனதே தெரியவில்லை.

"ஒரு சந்தேகம் கேக்கலாம்னு அவருக்கு மூணு தடவை போன் போட்டேன், பிஸியாவே இருக்கு. அப்படி என்ன பேச்சு?"

"சும்மா, பிரிண்டர் பத்தி."

"அவரு என் ஆபீஸ்காரருங்க."

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். இந்த மாதம் முழுக்க என் தொண்டையில் இருந்ததுதான்.

"என்ன சந்தேகம், என்கிட்ட கேளேன்" என்றேன்.

அவள் போய் மடிக்கணினி முன் உட்கார்ந்து, தன் நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள்.