அம்பு இல்லாம இழுத்த வில்லு

அபிநயா கண்ணுக்கு அப்பா எழுதறது,

நீ அங்க பிலாஸ்பூருல வேளைக்கு சாப்ட்டு, குளுருக்கு எதையாவது போத்திக்கினு, ஆபீசுலயும் மைதானத்துலயும் நல்லபடியா இருக்கணும்னு வேடியப்பன வேண்டிக்கறேன். இங்க நானும் உங்கம்மாவும் ஆடு மாடும் சொகமாத்தான் இருக்கோம். மலையில மார்கழிக் குளுரு இந்த வருஷம் ஜாஸ்தி, விடிஞ்சும் வெளிய தல காட்ட முடியல. சாமை அறுத்து தூத்தி வூட்டுக்கு வந்துடுச்சு. புளி இன்னும் பழுக்கல, ஆனா காய்ப்பு நல்லா தெரியுது. செவல ஆடு ரெட்டக் குட்டி போட்டுச்சு, ஒண்ணு சவலையா கெடக்குது, உங்கம்மா அதுக்கு பாட்டில்ல பால் குடுத்துக்கினு இருக்கா. பாரு, இவ்வளவு எழுதியும் சொல்ல வந்தத இன்னும் சொல்லல. போன வாரம் நீ போன் பண்ணப்பல்லாம் அப்பா கொல்லைக்கு போயிருக்கார்னு உங்கம்மா சொன்னாளே, நான் எங்கியும் போவல. அடுப்புகிட்டயே குந்திக்கினு, இல்லன்னு சொல்லுன்னு கைய ஆட்டிக்கினு இருந்தேன். உன் கொரலக் கேட்டுக்கினே இத சொல்ற தெகிரியம் எனக்கு இல்ல. அதனாலதான் காயிதம்.

உன் போட்டி வில்லு நாண் போச்சு கண்ணு. தானா போவல, நான்தான் போக்கடிச்சேன். தீவாளிக்கு வந்தப்ப, அங்க பழக ஆபீசு வில்லு இருக்குன்னு அத இங்க வச்சிட்டு நீ இன்னா சொல்லிட்டு போனன்னு நான் மறந்துட்டேன்னு மட்டும் நெனைக்காத, ஒரு வார்த்த மறக்கல. இந்த வருஷம் காணும் பொங்கல் அன்னிக்கு பாரிவேட்டையில வாழமரத்துக்கு மொத அம்பு உன் மக வுடட்டும்னு ஊர்க்கவுண்டர் மாதையன் அவர் வாயாலயே சொன்னார். வேட்டைன்னு பேருதான், பாரஸ்ட்டுக்காரங்களுக்கு பயந்து முயலக்கூட இப்ப யாரும் தொடறதில்ல, ஆனா அந்த மொத அம்புக்கு இருக்கற மரியாத உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நம்ம ஊருல எந்தப் பொண்ணுக்கும் அது கெடச்சதில்ல. வேட்டைக்கு போற வில்லு முன்னாடியே ஒரு நாள் சாமி முன்ன இருக்கணுமே, நீ ஊருல இருக்கமாட்ட, அதனால என்ன எடுத்துக்கினு போவ சொன்ன. வச்சு கும்பிடுப்பா, ஆனா அம்பு இல்லாம மட்டும் இழுத்து வுட்டுடாத, இது நம்ம மூங்கில் வில்லு இல்ல, அம்புக்கு போவ வேண்டிய வேகமெல்லாம் வில்லு மேலயே திரும்பிடும்னு சொன்ன. வண்டி ஏறப்போறப்பவும் திரும்பி வந்து சொன்ன. எனக்குத் தெரியாதாடின்னு சலிச்சுக்கினு உன்ன அனுப்பி வச்சேன்.

அமாவாசை அன்னிக்கு வேடியப்பன் கோயில்ல எல்லாரும் வில்ல வச்சு பூச பண்ணி, வழக்கம்போல ஒவ்வொருத்தனா நாண இழுத்து வுட்டு அந்த சத்தத்த சாமி காதுல போட்டாங்க. என் முறை வந்தப்ப நான் தொட்டுக் கும்பிட்டதோட நின்னுட்டேன். நம்ம பங்காளி சேட்டு இருக்கானே, அவன் வாய் சும்மா இருக்குமா? இன்னா ரங்கசாமி, உன் மக வில்லுக்கு தொண்ட கட்டிக்கிச்சா, சாமி காதுல போடாத வில்லு எப்படி வேட்டைக்கு ஆவும்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. அவ்ளோதான், எனக்கு ரோசம் வந்துடுச்சு. நீ சொன்னது காதுல கேட்டுக்கினேதான் இருந்துச்சு, ஆனாலும் காது வரைக்கும் இழுத்து வுட்டேன். படார்னு ஒரு சத்தம். நாணு வில்லு முனையில இருக்கற சக்கரத்த வுட்டு எகிறி, எடது கையில சாட்ட மாதிரி அடிச்சுது. எடுத்துப் பாத்தா ஒரு பக்கம் இழை இழையா பிஞ்சு தொங்குது.

அதோட போயிருந்தா இப்படி ஒளிஞ்சுக்கினு இருக்கமாட்டேன். இன்னா ஆச்சு ரங்கசாமின்னு கவுண்டர் கேட்டார். உண்மைய சொல்ல ஒரு நொடி ஆவுமா? ஆனா என் வாயிலருந்து வந்தது இன்னா தெரியுமா, இந்தப் பொண்ணு கயித்த ஒழுங்கா பாத்து வைக்கல, மெழுகு போடாம வுட்டுட்டா போலன்னு. நீ ஒவ்வொரு தடவையும் கொழந்தைக்கு எண்ண தடவற மாதிரி அதுக்கு மெழுகு தடவறத பாத்த கண்ணு இது. அதுக்கு பின்னாடியிருந்து ஒருத்தன், அதான் பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் வேணாம்னு அப்பவே சொன்னேன், சாமிக்கே இஷ்டமில்லன்னான். இன்னும் ரெண்டு பேரு ஆமான்னாங்க. கவுண்டரும், சரி, மொத அம்பு எப்பவும்போல ஆம்பளைங்க கையிலயே இருக்கட்டும்னு சொல்லிட்டார். அப்பவாவது நான் வாயத் தொறந்திருக்கணும். சாமி முன்ன தலைய ஆட்டினேன் கண்ணு. உன் அப்பன் தலைய ஆட்டினான்.

உங்கம்மா அன்னிலருந்து எங்கிட்ட பேசறதில்ல. சோத்த வச்சிட்டு போய்டறா. ஒரே ஒரு தடவ சொன்னா, வில்லு போனது போவட்டும், அவ பேர எதுக்குக் கெடுத்தன்னு. எதுவும் தெரியாத மாதிரி வில்ல எடுத்துக்கினு ஆலங்காயம் போனேன், அங்க யாருக்கும் இது இன்னான்னே தெரியல. வாணியம்பாடியில பூப்பந்து பேட்டுக்கு நரம்பு கட்டறவன் கும்பிடு போட்டு அனுப்பிட்டான். கடைசியா வேலூர்ல ஒரு வெளையாட்டுச் சாமான் கடைக்கு போனேன். அந்தக் கடக்காரர் திருப்பித் திருப்பி பாத்துட்டு, யாராவது அம்பு இல்லாம இழுத்து வுட்டாங்களான்னு கேட்டார். அங்கயும் சொன்னேன், என் பொண்ணுன்னு. அவர் என் எடது கையில இருந்த வீக்கத்தப் பாத்தார். எனக்கு கொல்லையில குழி தோண்டிப் படுத்துக்கலாம் போல இருந்துச்சு. இதுக்குன்னு உண்டான நாண வரவழைக்கணும், வில்ல மிஷின்ல அமுக்கித்தான் மாட்டணும், அது வரைக்கும் யாரும் இழுக்காதீங்கன்னு சொன்னார். பஞ்ச எடுத்து வில்லு மேல தடவிப் பாக்க சொன்னார், கீறல் இருந்தா பஞ்சு மாட்டுமாம். வூட்டுக்கு வந்து உங்கம்மாதான் தடவிப் பாத்தா, எங்கியும் மாட்டல. ஆனாலும் நீ உன் கண்ணால பாக்காம அத நம்பாத. நாணு பொங்கலுக்கு முன்ன வந்துடும்னு கடையில சொல்லியிருக்காங்க.

இது வரைக்கும் நேத்து எழுதினது. மடிச்சு கவர்ல போட்டுட்டு திரும்ப பிரிச்சேன். உங்கிட்ட மட்டும் காயிதத்துல அழுதுட்டு, ஊரு முன்ன நீதான் தப்புன்னு வுட்டு வச்சா நான் இன்னா மனுசன்? பேனாவ வச்சிட்டு நேரா கோயிலுக்கு போனேன். மேடையில கவுண்டரு, சேட்டு, இன்னும் நாலஞ்சு பேரு இருந்தாங்க. அவ இழுக்காதன்னு சொன்னா, நான்தான் வீம்புக்கு இழுத்தேன், அவ மேல பழியப் போட்டதும் நான்தான்னு சொன்னேன். சேட்டு சிரிச்சான். ஒருத்தர் துண்ட உதறிக்கினு எழுந்து போனார். கவுண்டர்தான் சொன்னார், உன் பொண்ணுக்குக் குடுத்த வாக்கு குடுத்ததுதான், அவளே வந்து அவ கையால வில்ல சாமி முன்ன வைக்கட்டும், இழுத்துக் காட்ட வேணாம். ஆனா வேடியப்பன் முன்ன பொய் சொன்னவன் அந்த வருஷம் வில்லு தூக்கக்கூடாது, அது உனக்கே தெரியும்னார். சரிங்கன்னேன். வேட்டைக்கு போறவங்களுக்கு குடிக்க தண்ணிக் கொடம் தூக்கிக்கினு கடைசியில வரணும், அவ்ளோதான். நம்ம வூட்டுல யாரும் அப்படிப் போனதில்ல. எனக்கு வெக்கமாத்தான் இருக்கு, ஆனா இது தூக்கிக்கினு நடக்கக்கூடிய வெக்கம்.

நீ வருவியோ மாட்டியோ, அது உன் இஷ்டம். என் மூஞ்சிக்காக வராத, அந்த மொத அம்பு உன்னுது, அதுக்காக வா. வந்தா நீ முன்ன நட, நான் பின்னாடி கொடத்தோட வர்றேன். உனக்கு தாகம் எடுத்தா திரும்பிப் பாரு, போதும்.

ரயில்ல ராத்திரி சன்னல தொறந்து வச்சிக்கினு தூங்காத. வர்றதா இருந்தா ஆபீசுல முன்னாடியே லீவு சொல்லிடு. இந்தக் காயிதத்த நான் படிச்சுக் காட்டினத கேட்டுட்டு உங்கம்மா எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டா, ஆனா இன்னும் பேசல. வேடியப்பன் உன் கண்ணுக்கும் கைக்கும் தொணையா இருக்கட்டும், நீ நெனைக்கற எடத்துல உன் அம்பு போய் நிக்கட்டும். மறக்காம ஒண்ணு பண்ணு, இது கைக்கு கெடச்சதும் போன் போடு. திட்டறதா இருந்தாலும் போடு. இந்தத் தடவ நான்தான் எடுப்பேன்.

இப்படிக்கு
உன் அப்பா
ரங்கசாமி